விழிப்புக் கூலி

கூரஸ், ஸ்காட்லாந்து, 1643

ஊசியைக் கொஞ்சம் கீழே வை, பெர்கஸ்.
நான் தூங்கவில்லை,
புகைக்குத்தான் கண்ணை மூடினேன்.
இரவுக்கு ஆறு ஷில்லிங்தானே இன்னும்?
எனக்கும் அதுவே தந்தார்கள்.
கூலி மட்டும் இந்த ஊரில் ஏறுவதே இல்லை.

உப்புக் காய்ச்சுகிறவனுக்கு இரவு பழக்கம் என்று
பாதிரியார்தான் என்னைத் தேர்ந்தார்.
இரும்புத் தொட்டியில் கடல்நீர் கொதிக்க
அடியில் கரி தள்ளித் தள்ளி
விடியும்வரை விழித்திருப்பவன்.
ஒரு பெண்ணைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது
அதைவிடக் கடினமா என்ன?

கிரிசல் மோர்ட்டன். வலை முடைகிறவள்.
மூன்று முடிச்சில் காற்றைக் கட்டி
மாலுமிகளுக்கு விற்றாள் என்பது குற்றம்.
ஒன்றை அவிழ்த்தால் இளங்காற்று.
இரண்டை அவிழ்த்தால் பாய் புடைக்கும்.
மூன்றாவதை அவிழ்த்தவர் யாரும்
திரும்பி வந்து சொன்னதில்லை.
"என்ன விலை?" என்றேன் விளையாட்டாக.
"உனக்கு விற்கமாட்டேன்.
நீ கரையில் நிற்கிறவன்."
முதல் இரவு அவ்வளவுதான் பேச்சு.

இரண்டாம் இரவு
அவள் தலை சாய்ந்தபோதெல்லாம் குத்தினேன்.
பதினேழு முறை. மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளட்டும்.
மூன்றாம் இரவு தோளைப் பிடித்து உலுக்கினேன்.
நான்காம் இரவு பெயரைச் சொல்லி அழைத்தேன்.
பெயர் ஊசியைவிட ஆழமாக இறங்கும் என்று
அப்போது எனக்குத் தெரியாது.
இறங்கியது எனக்குள்.

ஐந்தாம் இரவு அவளை நடக்கவைத்தேன்,
நாலடி போய் நாலடி திரும்பி.
பாதி எடை என் தோளில்.
"நான் தூங்கினால் கடல் எழுந்துவிடும்" என்றாள்,
"என் விழிப்புதான் அதற்குத் தாலாட்டு."
என் புறங்கையில் காய்ந்திருந்த உப்பை
விரலால் தொட்டு நாவில் வைத்தாள்.
"கசக்கிறது. நிறையக் கரி போடுகிறாய்.
கடலை யாரும் அவசரப்படுத்தக் கூடாது."

உப்பிட்டவரை நினைக்கச் சொல்வார்கள்.
என் உப்பைத் தின்றவளை
நான் என்ன செய்வது, பெர்கஸ்?

ஆறாம் இரவு
ஊசியை ஜன்னல்வழி எறிந்தேன்.
"தூங்கு" என்றேன்.
எந்தப் பெண்ணிடமும் நான் இதுவரை சொன்ன
அன்பான சொல் அது ஒன்றுதான்.
என்னை வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு மடியில் தலை வைத்தாள்.
குறட்டைகூட விட்டாள், சின்னதாக,
பூனை மாதிரி.

கடல் படியேறி வந்தது.
இருபத்திரண்டு படி, ஓசையே இல்லை.
கதவடியில் நுழைந்து
முழங்கால், இடுப்பு, மார்பு.
குளிரவே இல்லை.
ஒரு மீன்குஞ்சு அவள் கூந்தலுக்குள் போய்
மறுபக்கம் வெளியே வந்தது.
மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன்,
அசைந்தால் எழுந்துவிடுவாளே என்று.

விடிந்தபோது மடியில் ஒரு கயிறு,
மூன்று முடிச்சோடு.
சுவரைச் சுற்றி என் மார்பளவில் வெள்ளைக் கோடு.
நீங்களெல்லாம் சுரண்டி ருசி பார்த்தீர்களே,
கசந்ததா?

கயிற்றை எங்கே ஒளித்தாய் என்று
ஓயாமல் கேட்கிறார்கள்.
இரண்டு முடிச்சை அவிழ்த்தாயிற்று.
நேற்றும் முந்தாநாளும் ஊர்ப் புகைபோக்கிகள்
என்ன ஊளையிட்டன, கேட்டாயா?

எனக்கும் இது ஆறாம் இரவு.
நீ நல்லவன், நோகாமல்தான் குத்துகிறாய்.
தூங்கவிடு என்று கேட்கமாட்டேன்,
உனக்குப் பிள்ளைகள் இருக்கின்றன.
அந்த ஜன்னலண்டை போய்
எட்டிப் பார்த்து ஒன்றே ஒன்று சொல்.
தண்ணீர் வற்றுகிறதா,
ஏறுகிறதா?