பிடி

கல்ச்சர் தட்டில் இரவோடிரவாக
ரோஸ் நிறப் புள்ளிகள் எழும்பியிருந்தன.
வரிசை எண் நாற்பத்தொன்று:
நம்புத்தாய், வயது முப்பத்தெட்டு, சின்னப்பாலம்.
தொழில் என்ற கட்டத்தில் யாரோ
‘வீட்டு வேலை’ என்று எழுதி, அடித்து,
‘பாசி’ என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

“எரியுது தாயி.”
இந்த வருஷம் மூன்றாவது முறை.
விடியுமுன் வல்லம் ஏறினால்
கரை மிதிக்கப் பிற்பகல் ஆகும்.
வல்லத்தில் மறைவு ஏது? ஓட்டுகிறவர் ஆண்.
அதனால் குடிப்பதில்லை.
உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது
கரையில் இருப்பவர்கள் சொன்னது.
ஆறு மணி நேரம் வாயெல்லாம் உப்பு,
தொண்டையில் ஒரு சொட்டு இறங்காது.

அறிக்கையில் எழுத இடமில்லாததைச்
சொல்லிப் பார்த்தேன்:
அக்கா, மூத்திரப்பையின் உள்சுவர் மொட்டைச் சுவர் இல்லை.
பாறையில் பாசி மாதிரி
மேலெல்லாம் சர்க்கரை முளைத்திருக்கிறது.
கிருமிக்கு மயிரிழையில் கைகள்.
அந்தச் சர்க்கரையைத்தான் தேடிப் பிடிக்கும்.

“எனக்குச் சர்க்கரையெல்லாம் இல்லியே,
போன மாசந்தான் கேம்புல குத்திப் பாத்தாக.”

அந்தச் சர்க்கரை இல்லை.
இது டீயில் போடுவதற்கு இல்லை.
வல்லத்துக்கு அடித்த பச்சைப் பெயின்ட் போல,
பக்கவாட்டில் எழுதிய எண் போல,
இது இன்ன ஊர் என்று தூரத்திலேயே சொல்வது.
சில கிருமி நம் நிறத்தையே
தன்மேல் பூசிக்கொண்டு வரும்.
காவல் படகு பார்க்கும்,
நம்மூர்தான் என்று விட்டுவிடும்.

“போற மூத்திரம் அடிச்சிக்கிட்டுப் போகாதா?”

நானும் படிக்கும்போது இதைத்தான் கேட்டேன்.
அந்தக் கை வித்தியாசமானது அக்கா.
நீர் சும்மா நின்றால் தளர்ந்து கிடக்கும்,
இங்கும் அங்கும் நகரும்.
ஓட்டம் இழுக்க இழுக்கத்தான் இறுகும்.

சிரித்தாள். கையை மேசைமேல் வைத்தாள்.
துணி சுற்றிச் சுற்றி வெளுத்த விரல்கள்,
ஆட்காட்டி விரலில் பாதி நகம்.
“நீவாடு இழுக்கையில நாங்களும் அப்படித்தான்.
அலை கம்முனு கெடந்தா ஒத்தக் கை போதும்.
வலிச்சா ரெண்டு கையும், காலும், பல்லும்.”

உடம்பும் சும்மா இருப்பதில்லை.
அதே சர்க்கரை கோத்த நூல்களைத்
தூண்டில் போல நீரில் விட்டுவைக்கிறது.
கிருமி ஏமாந்து அதைக் கட்டிக்கொள்ளும்,
கட்டிக்கொண்டபடியே வெளியே போகும்.
போவதற்கு ஓட்டம் வேண்டும்,
ஓட்டத்துக்குத் தண்ணீர்,
தண்ணீருக்கு
வல்லத்தின் பின்பக்கம் ஒரு சாக்கு மறைப்பு.
அதை எந்தப் படிவத்தில் எழுத?

தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கினேன்.
“இந்தக் கூழு என்னது?”
அகர். மரிக்கொழுந்துப் பாசியைக் காய்ச்சி எடுப்பது.
அதுவும் ஒரு சர்க்கரைதான்.
இந்தக் கிருமி அதன்மேல் குடியிருக்கும்,
அதைத் தின்ன மட்டும் தெரியாது.

“மரிக்கொழுந்தா?”

மூக்கருகே கொண்டுபோனாள். தடுத்தேன்.
டப்பாவில் கடலின் பெயர் இல்லை,
லாட் எண் இருந்தது.
இவள் பிடுங்கியதா, வேறு யாரோ
வேறு பாறையில் பிடுங்கியதா, எனக்குத் தெரியாது.
தெரியும் என்று சொல்லியிருக்கலாம்.

“தட்டுக்கு எவ்வளவு போடுவீக?”
கால் கிராமுக்குக் கொஞ்சம் கூட.
கட்டைவிரலும் அரை நக விரலும் சேர்த்துக்
காற்றில் எதையோ கிள்ளினாள்,
அளவு பார்த்தாள்,
விலை கேட்கவில்லை.

ஐந்து நாள் மாத்திரை, காலை இரவு.
சீட்டை முந்தானையில் முடிந்து
முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.
“நாளைக்கு அமாவாச. தண்ணி நல்லா வத்தும்.
போயிட்டு வந்து ஆரம்பிக்கட்டா?”

வாசலில் நாற்பத்திரண்டு நின்றிருந்தாள்,
மூடி சரியாக விழாத டப்பாவோடு.