கறுப்பு நாடா

நாடாக்களை வெட்டிக் கொடுத்தது நான்தான்.
சிவப்பு நாற்பது, மஞ்சள் நாற்பது, பச்சை அறுபது.
கறுப்பு பத்துக் காணும் என்றார்
பயிற்சி தர வந்த மருதமுனை றிபாய்தீன் சேர்.
சட்டை லைனிங்கில் மிஞ்சியதைக் கிழித்தேன்.
நூல் பிரியாமல் விளிம்பை மெழுகுதிரியில் காட்டி எடுத்தேன்.
ஒருநாள் பாவிக்கிற துணிக்கு அது தேவையில்லை.
கை கேட்கவில்லை.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி,
இடையில் கல்லாறு,
அதற்குள் பள்ளிக்கூட மைதானம்.
ஒலிபெருக்கிக்குப் பற்றறி இல்லை.
“வெள்ளம் வந்திற்று!” என்று
கையைக் குவித்துக் கத்தினார் சேர்.
வெயில் மண்டையைப் பிளந்தது.
காயப்பட்டவர்களாய்ப் பதினாறு பேர்
அங்கங்கே விழுந்து கிடந்தோம்.

சிவப்பென்றால் இப்பவே.
மஞ்சள் பொறுக்கும்.
பச்சை தானாக நடந்து வரும்.
கறுப்பில் நேரத்தை விடாதீங்க.
என் கழுத்து அட்டையில் எழுதியிருந்தது:
மூச்சு இல்லை.

முதல் சுற்றில் நகுலேஸ்வரி ஓடி வந்தாள்.
அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.
“என்னகா, உனக்குப் போய்” என்று
சிவப்பைக் கட்டிவிட்டாள்.
நாலு பேர் தூக்கினார்கள்.
இரண்டு மூங்கில், இரண்டு உரப்பை,
என் அறுபத்தெட்டுக் கிலோ.
கோல் கம்பத்தடியில் நான் சிரித்துவிட்டேன்.

சேர் சிரிக்கவில்லை.
“செத்த ஆளக் காப்பாத்தினீங்க.
அந்தா, வேம்புக்குக் கீழ ரெண்டு பேர்
தொடையில ரெத்தம் ஓடப் பாத்துக்கிட்டுக் கிடந்தாங்க.
இப்ப கறுப்பு மூண்டு.”
நகுலேஸ்வரி மூக்கைச் சிந்தினாள்.
தேத்தண்ணி வந்தது.
மறுகா ரெண்டாம் சுற்று.

இம்முறை என்னிடம் வந்தது யோகநாதன்.
கரைவலைத் தோணிக்காரர்.
அந்த மார்கழிக் காலையில்
யாரைத் தோளில் போட்டுக்கொண்டு
ஆஸ்பத்திரி மட்டும் ஓடினார் என்று
ஊரில் எல்லாருக்கும் தெரியும்.
ஒருவரும் சொல்வதில்லை.
எந்தக் கூட்டத்துக்கும் வராத மனிசன்
இதற்கு மட்டும் தானாய்ப் பெயர் கொடுத்திருந்தார்.

குந்தினார்.
“குறை நினையாத தங்கச்சி” என்று நாடியை நிமிர்த்தினார்.
புறங்கையை மூக்கருகே பிடித்தார்.
ஊசி கோக்கும்போது அடக்குவேனே,
அப்படி அடக்கினேன் மூச்சை.
காதுக்குள் எறும்பொன்று ஏறியது.
அவர் எண்ணினார், வாய்க்குள், பத்து மட்டும்.
பிறகு இன்னொருக்கால் பத்து.
சேர் சொன்னது ஒரு பத்துத்தான்.

கறுப்பைக் கட்டினார்.
எழும்பினார்.
செருப்புச் சத்தம் வேம்படிக்கு ஓடியது.
அங்கிருந்து கேட்டது:
“இஞ்ச வா, அமத்திப் பிடி, விடாத! விடாத!”
அவ்வளவு உரத்து அவர் பேசி
நான் கேட்டதேயில்லை.

அந்தச் சுற்றில்
என்னைத் தவிர ஒருவரும் சாகவில்லை.
சேர் கை தட்டினார்.
பொடியன்கள் விசிலடித்தார்கள்.

சோற்றுப் பார்சல் பிரிக்கிற நேரம்
யோகநாதன் வந்து பக்கத்தில் இருந்தார்.
கையைத் தா என்றார்.
வலைக்காரன் போட்ட முடிச்சு,
ஈரத்தில் இறுகுமே தவிர இளகாது.
என் வியர்வையே அதற்குக் காணும்.
நகத்தால் நெம்பினார்.
பல்லால் கடிக்கக் குனிந்தவர்
கூச்சப்பட்டு நிமிர்ந்தார்.
திரும்பவும் நகம்.
விரல் நடுங்கியது.

கத்தரிக்கோல் என் பைக்குள்தான் கிடந்தது.
சொல்லவில்லை நான்.
கையை இன்னும் கொஞ்சம்
அவர் பக்கம் நீட்டி வைத்தேன்.
சோறு ஆறட்டும்.