பின்னணியத்தில் ஒரு தலையணை

ஜெபிக்க உட்கார்ந்தேன், ஆண்டவரே,
குளியல் தொட்டியின் விளிம்பில்,
கதவைத் தாழிட்டுக்கொண்டு.
கதவுக்கடியில் நான்கு விரல்கள் நுழைந்தன.
"அம்மா, உள்ளே இருக்கியா?"
இல்லை என்று சொல்ல
எனக்கும் ஆசைதான்.

நேற்றிரவு முழுக்க வடகிழக்குக் காற்று.
துறையில் படகுக் கயிறுகள் முனகின.
ஓர்லாவுக்குப் பல் முளைக்கிறது.
டெஸ்ஸுக்கு இருமல்;
மூன்று மணிக்கு எழுந்து வந்து
திமிங்கலத்துக்குத் தொப்புள் உண்டா என்றாள்.
உண்டு என்றேன்.
நிச்சயமாகவா என்றாள்.
என் பெயர்கூட எனக்கு
நிச்சயமில்லாத வேளை அது.

ட்ரெவர் ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணலில்.
இருபது நாள் அங்கே, எட்டு நாள் இங்கே.
எங்கள் நியூஃபவுண்ட்லாந்துக் கடிகாரத்துக்கும்
அவன் கடிகாரத்துக்கும் மூன்றரை மணி தூரம்.
மூன்றைச் சமாளித்துவிடுவேன்.
அந்த அரை மணியில்தான்
கஞ்சி பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது.

ஞாயிறன்று, இரட்சணிய சேனை மண்டபத்தில்
கேப்டன் அம்மையார் அந்தக் கதையை வாசித்தார்:
சுழல்காற்று, படகு நிறையத் தண்ணீர்,
நீர் பின்னணியத்தில் தூங்கிக்கொண்டிருந்தீர்.
காற்று அடங்கியதும்
மண்டபமே பெருமூச்சு விட்டது.
இந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை.
எஃபி ஹைன்ஸின் தகப்பனைக் கொண்டுபோன கடல்
இன்னும் அவள் ஜன்னலுக்கு எதிரேதான் கிடக்கிறது.

நானோ தலையணையிலேயே நின்றுவிட்டேன்.
தலையணை இருந்ததாமே!
அந்த மீன் படகில்
அதைக் கொண்டுவந்து போட்டது யார்?
ஈரமாக இருந்திருக்குமா?
அத்தனை ஆண்கள் சுற்றி நின்று அலறும்போது
ஒருவருக்குத் தூக்கம் வருமா?
கோபங்கொள்ளாதேயும்,
எனக்கு அற்புதமாய்ப் பட்டது அதுதான்.
உண்மையைச் சொன்னால்,
அற்புதம்கூட இல்லை. பொறாமை.

இன்று காலை
ஒற்றைக் கையுறை காணவில்லை என்பதற்காக
கிதியோன்மேல் எரிந்து விழுந்தேன்.
என்ன சொன்னேன் என்று உமக்குத் தெரியும்;
இன்னொரு முறை என்னைச் சொல்ல வைக்காதேயும்.
அவன் அழவில்லை.
ஒரு சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு
பனியில் நடந்தான்.
பேருந்துப் படியில் ஏறித் திரும்பி
அந்தச் சாக்ஸுக் கையை ஆட்டினான்,
எனக்கு.

அதன் பிறகுதான் குளியலறை. தாழ்ப்பாள்.
'எங்கள் பிதாவே'யில் பாதி வழி போய்
மீதியை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

இங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை.
எஃபி பூட்ஸோடு சமையலறைக்குள் வந்து நின்றாள்.
வசனம் ஒன்றும் சொல்லவில்லை.
எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை;
கேட்டிருந்தால்
நன்றாக இருக்கிறேன் என்று சொல்லியிருப்பேன்.
ஓர்லாவை என் இடுப்பிலிருந்து உருவி
தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.
"ட்ரையர் நின்னு ரொம்ப நேரமாச்சு.
போய்த் துணியை எடு, கண்ணு.
அவசரமில்லை."

குனிந்தேன்.
உள்ளே துண்டுகள், இன்னும் வெதுவெதுப்பாக.
அள்ளித் தரையில் போட்டேன்.
ஒரே ஒரு கணம் என்றுதான்
முகத்தைப் புதைத்தேன்.

விழித்தபோது
கன்னத்தில் துண்டின் வரிகள் பதிந்திருந்தன.
நாற்பது நிமிடம்.
காற்று அப்படியேதான் அடித்துக்கொண்டிருந்தது.
யாரும் கடலை அதட்டவில்லை.
ஓர்லா எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.
டெஸ் இருமினாள், நடுவில் சிரித்தாள்;
திமிங்கலத் தொப்புளைப் பற்றி
எஃபி அவளிடம் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கையுறை
துண்டுகளுக்குள்தான் கிடந்தது, ஆண்டவரே.
காலையில் ஆமென் சொன்னேனா என்று நினைவில்லை.
பாதியில் விட்டதை
அப்படியே வைத்திரும், வருகிறேன்.
இரண்டரைக்குப் பேருந்து.
அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.
சூடு ஆறிவிடாமலிருக்க
அதை என் ஸ்வெட்டருக்குள்
வைத்திருக்கிறேன்.