தலையாட்டாதவர்

இரவு இரண்டு பத்துக்கு
மஞ்சண்ணாவின் ஆட்டோவில் வந்தார்
லிங்கராஜபுரம் சவரியப்பா.
வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் கத்தினாராம்.
மடியில் ஒரு டிபன் மூடி, எச்சில் துப்ப.

வலிக்குதா என்றேன்.
ஆமாம் என்று தலை ஆடவில்லை.
இல்லை என்றும்.
பெங்களூரில் பாதிப் பேச்சு
கழுத்தில்தான் நடக்கிறது போல.
ஒரு விரல் ஆமாம், இரண்டு விரல் இல்லை
என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

மீன் சாப்பிட்டீங்களா? இரண்டு.
வெளிச்சம் கூசுதா? இரண்டு.
ஆணி கீணி குத்திச்சா?
யோசித்து, இரண்டு.
வாய் மூன்று விரல் நுழையும் அளவுக்குத் திறந்தது:
தாடை பூட்டவில்லை, ஒரு பயம் கழிந்தது.
காலை மடக்கி நீட்டினேன்; சும்மா இருந்தார்.
மூச்சு இழுக்கையில் சத்தமில்லை.
காய்ச்சல் தொண்ணூற்றொன்பது சொச்சம்,
எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாத காய்ச்சல்.

பக்கவாட்டு எக்ஸ்ரேயில்
கழுத்தெலும்புக்கு முன்னால் சதை பெருத்துக் கிடந்தது.
சீழா?
இ.என்.டி. ஷமீம் அரைத்தூக்கத்தில் இறங்கி வந்து
தியேட்டருக்குச் சொல்லிடவா என்றாள்.
ஸ்கேன் வரட்டும் என்றேன்.
அந்த உறுதி எங்கிருந்து வந்ததென்று
எனக்கே தெரியாது.

நாலே காலுக்கு வந்தது.
சீழ் இல்லை. விளிம்பு கட்டாத வெறும் நீர்க்கோவை.
முதல் எலும்புக்குச் சற்றுக் கீழே
பாசிப்பயறு அளவில் ஒரு வெள்ளை.
தசைநாரில் படிந்த சுண்ணாம்பு.
ஷமீம் கொட்டாவியோடு மாடியேறினாள்.

சுண்ணாம்பு என்றதும்
சவரியப்பா சிரிக்கப் பார்த்தார்;
வலித்தது, நிறுத்தினார்.
முப்பது வருஷப் பெயிண்டர்.
"அண்ணாந்தே அடிச்சது... உள்ள விழுந்துடுச்சா?"
அது வேறு, இது உடம்பே வைத்தது என்றேன்.
இரண்டு விரல்.

ஊசி. பிறகு மாத்திரை, பத்துப் பதினைந்து நாள்.
ஆறு மணிக்கு ஒரு மடக்குத் தண்ணீர்.
குரல்வளை ஏறியது, தயங்கியது,
இறங்கியது.

அப்புறம் பேச்சு வந்தது:
"ராத்திரி பூரா இதையேதான் பாத்துட்டிருந்தேன்.
மேல அந்தக் கறை மழைத்தண்ணி இல்ல மேடம்.
மழைன்னா ஓரத்துல மஞ்சக் கோடு கட்டும்.
இது கட்டல.
உள்ள பைப்பு எங்கியோ வேர்க்குது.
பெயிண்ட் அடிச்சு மூடிடாதீங்க."

மூன்று வருஷமாக
இதே கட்டிலருகே நிற்கிறேன்.
அண்ணாந்து பார்த்தேன்.
என் கழுத்தில்
நெட்டி முறிந்தது.