நாற்பத்து மூன்று

காற்று வந்த வழி
நூற்றிருபது அடி அகலம்.
டேப் பிடித்துப் பார்த்துவிட்டோம்.
இந்தப் பக்கம் கேழ்வரகுத் தட்டுப் போர்,
ஒரு தாள் கலையவில்லை.
அந்தப் பக்கக் கொடியில்
பள்ளிக்கூடச் சீருடை காய்கிறது
நேற்று மாலை போட்டபடியே.
நடுவில்தான்
ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்ததுபோல்
தோப்பு.

ஊருக்குப் பேர் சென்னப்பன் கொட்டாய்.
இன்றைக்குப் பேரில் மட்டும்தான் கொட்டாய்.
தகரமெல்லாம் கிழக்கே போயிருக்கிறது.
ஒன்று மட்டும் ஒரு பனையின் இடுப்பைச்
சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறது,
கழற்ற ஆள் தேடுகிறார்கள்.

ரயில் வர்ற மாதிரி சத்தம் என்றாள் ஒருத்தி.
கிருஷ்ணகிரிக்கு ஏதம்மா ரயில், எங்கே கேட்டாய்?
சாமல்பட்டியில், ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப.
அதையும் எழுதிக்கொண்டேன்,
படிவத்தின் ஓரத்தில், பென்சிலால்.

பட்டா முனிரத்தினம் பேரில்.
அவர் ஓசூரில்.
காரை சர்வீசுக்கு விட்டிருக்கிறாராம்,
மதியத்துக்கு மேல் வருவார்.
டேப்பின் மறுமுனையைப் பிடித்து நடந்தவர்
கவுஸ் பாஷா.
மாசியில் பூவைப் பார்த்து
விலை பேசி முன்பணம் கொடுத்தவர்.
மீதி, காய் இறக்கியதும்.

காய் இறங்கிவிட்டது.
கால் வைக்க இடமில்லாமல்
பச்சையாய், பால் வடிந்து,
ஆலங்கட்டி குத்திய கறுப்புப் பொட்டுகளோடு.
அவர் மனைவி மூட்டை தைக்கிறாள்.
ஊறுகாய்க் கம்பெனி
கிலோ மூன்று ரூபாய் என்று சொல்லியிருக்கிறது,
நாளைக்கு என்றால் இரண்டு.

விழுந்த மரத்துக்கெல்லாம் எண் போட்டேன்
நீலப் பெயிண்டில்.
பெங்களூரா, பெங்களூரா,
பதினேழில் ஒரு செந்தூரா,
மறுபடி பெங்களூரா.
வேர்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன.
ஒரு வேரில் எப்போதோ தொலைந்த
அரிவாள் ஒன்று சிக்கியிருந்தது, பிடியில்லாமல்.
‘இது இங்கயா கெடந்துது’ என்று
அதை மட்டும் எடுத்து
இடுப்பில் செருகிக்கொண்டார் பாஷா.

முப்பத்து மூன்று சதவீதம் போனால்தான் நிவாரணம்.
நூற்றிருபத்தெட்டு மரத்துக்கு
நாற்பத்து மூன்று வேண்டும்.
நாற்பத்தொன்றில்
டப்பாவை மூடினேன்.

இதைக் கொஞ்சம் பாருங்க மேடம், என்றார்.
நிமிர்ந்து நின்ற மரம். கொப்பெல்லாம் காய்.
தோளால் லேசாக ஒரு தள்ளுத் தள்ளினார்.
பின்பக்கத்து மண்
வாய் திறந்து மூடியது.

உங்களுக்கு இதில் ஒன்றும் வராதே, என்றேன்.
வராதுங்க.
அவருக்கு வந்துட்டா
எங்கிட்ட மீதியைக் கேக்க மாட்டாரு இல்ல.

நாற்பத்திரண்டு.
போட்டோ எடுத்தேன், அட்சரேகை தீர்க்கரேகையோடு.
படத்தில் அது நன்றாகக் காய்த்த மரம்.
மேலே இருப்பவர்கள் கேட்டால்
படத்தைத் தள்ளியா காட்டுவேன்?

இன்னொரு மரம், ஏழடி தள்ளி.
இம்முறை நான் தள்ளினேன், இரண்டு கையாலும்.
மண் திறந்ததா என்று
என் பக்கத்திலிருந்து தெரியவில்லை.
திறந்துச்சு மேடம், என்றார் அவர்
மூட்டைகளைப் பார்த்தபடி.
பெயிண்ட் அடிமட்டத்தில் கட்டியாகியிருந்தது.
மூன்று கொஞ்சம்
எட்டு மாதிரி விழுந்தது.

சாயந்தரம் முனிரத்தினம் வந்து
கையெழுத்துப் போட்டார்.
பேனா என்னுடையது.

வேண்டாம் என்று சொல்லியும்
ஸ்கூட்டியில் ஒரு பை தொங்கியது.
வீட்டில் ஒன்றை எடுத்து அரிந்தேன்.
கொட்டை இன்னும் கட்டவில்லை.
கத்தி
எங்கேயும் நிற்காமல் உள்ளே போய்
பலகையைத் தொட்டது.