அடையாளம் தெரியாதது: 1

பெயின்ட் வாளிக்குள் மைக்கை இறக்கி
வாயில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி
ஒன்பதாம் மாடி பால்கனியில் வானம் பார்க்க வைத்திருக்கிறேன்.
மழை விழுந்தால் பறையடிக்கும்.
விழாத இரவுகளில்
தாலினுக்கு மேலே போகிறவர்கள்
அதற்குள் ஆளுக்கொரு சொல் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

அக்டோபர். வளைகுடாவைத் தாண்டி பின்லாந்திலிருந்து
செஞ்சிறகுப் பூங்குருவிகள் வருகிற மாதம்.
ஒவ்வொன்றும் அறுபது கிராம் சொச்சம்.
இருட்டில் ஒன்றையொன்று தொலைத்துவிடாதிருக்க
ஒரு “ஸீ”, அவ்வளவுதான்,
ஊசிக்குள் நூலை இழுக்கிற நேரம்.

எனக்கு அது கேட்காது.
முப்பது வருடம் லிஃப்ட் மோட்டார் அறைகளில் நின்ற காது,
ஏழாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் கடையை அடைத்துவிட்டது.
காலையில் காபியோடு உட்கார்ந்து
எட்டு மணி நேர இரவைத் திரையில் விரித்து
கண்ணால் கேட்கிறேன்.
கீழே புகைமூட்டமாக நெடுஞ்சாலை.
உயரத்தில், வெள்ளரி விதையைச் சாய்த்து வைத்தாற்போல்
ஒரு கீற்று: செஞ்சிறகு.
நறுக்கென்று முடிந்தால் பாடும் பூங்குருவி.
நடுங்கிக்கொண்டே இறங்கினால் கரும்பூங்குருவி.
பதினான்காம் தேதி அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஜன்னல் திறந்திருந்ததால்
அடியில் சாம்பல் வரப்பாக என் குறட்டையும்.

பிறகு அந்த 2:41.
இரண்டாயிரம் ஹெர்ட்ஸில், அரை நொடிக்கு ஒரு வளைவு.
எனக்கே கேட்கிற குரல்!
பொன் உப்புக்கொத்தி என்று எழுதினேன்.
மறுநாள் 2:43. அதற்கு மறுநாள் 2:40.
பொன் உப்புக்கொத்தி. பொன் உப்புக்கொத்தி.
படுக்கையில் விழித்துக் கிடந்து காத்திருக்கத் தொடங்கினேன்.
பெருமையாக ஹாப்சாலுவில் இருக்கும் ஊர்மாஸுக்கு அனுப்பினேன்.
“அழகு” என்று எழுதினான்,
“ஆனால் ஏன் நாலு நிமிடம் கழித்துத் தலைகீழாகத் திரும்பி வருகிறது?
உன் உப்புக்கொத்தி சிகரெட் பிடிக்குமா?”

இரவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன்.
திறப்பு. நாலு நிமிடம். மூடல்.
கீல்.
கதவுகளோடு பிழைப்பு நடத்திய நான்
எண்ணெய் காணாத ஒரு கீலுக்குப்
பறவைப் பெயர் வைத்திருக்கிறேன்.

எட்டாம் மாடி, ராயிசா.
பதினொரு வருடமாக லிஃப்டில்
நான் எஸ்தோனியனில் ஒரு வணக்கம்,
அவர் ரஷ்யனில் ஒரு வணக்கம்,
பிறகு இருவரும் எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.
உப்புக்கொத்திகளை எல்லாம் அடித்தேன்.
அடித்த இடத்தில் “பால்கனிக் கதவு” என்று எழுதினேன்.
ஆனாலும் விழிப்பு மட்டும் நிற்கவில்லை.

இருபத்தொன்றாம் தேதி 2:41 காலி.
இருபத்திரண்டும் காலி.
பூங்குருவிகள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன, சரியாகக்கூட எண்ணவில்லை.
சாக்குக்கு எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு
படியிறங்கிக் கதவைத் தட்டினேன்.

திறந்தார். குப்பியைப் பார்த்தார்.
“நானே போட்டுவிட்டேன், சூரியகாந்தி எண்ணெய்,” என்றார்
உடைந்த எஸ்தோனியனில்.
“மேலே குறட்டை நின்றுபோயிற்று.
என் கதவுதான் உங்களை எழுப்புகிறதென்று நினைத்தேன்.”

என்ன சொல்வது?
கைபேசியில் அந்த வெள்ளரி விதைகளைக் காட்டினேன்,
“ஸீ” என்று வாயால் செய்தும் காட்டினேன், மோசமாக.
அவர் சுவரில் கை ஊன்றிக்கொண்டார்.
“இது பறவையா?
என் காதுக்குள் ஏதோ கெட்டுப்போனதென்று
டாக்டரிடம் தேதி வாங்கியிருக்கிறேன்.”

அன்றிரவு அவர் பால்கனியில் நின்றோம், கோட்டுகளோடு.
கதவு சத்தமில்லாமல் திறந்தது, எனக்குக் கொஞ்சம் வருத்தம்.
அவர் பற்ற வைத்தார். கேட்கிறபோதெல்லாம்
சிகரெட் விரலை உயர்த்தினார்.
நான் அந்தத் தணலைப் பார்த்து எண்ணினேன்.
பதினேழு.

காலையில் திரையோடு ஒப்பிட்டேன்.
பதினாறு சரி.
2:52க்கு அவர் விரலை உயர்த்திய இடத்தில்
திரையில் ஒன்றுமே இல்லை.
அதையும் எழுதிக்கொண்டேன்.