பெறுநர்: கமலோஜினி

பொரளையில் ஒரு மூன்றாம் மாடி.
என் மேசைக்கு நகங்கள் வரும்.
கறுப்புத் தாளில் மடித்து, இலக்கமிட்டு,
போயாவுக்கு முதல்நாள் அவசரமென்றால்
நெருப்புப்பெட்டிக்குள் போட்டும்.

கொள்ளுப்பிட்டியில் பன்னிரண்டு மணிநேரம்
சப்பாத்தோடு நிற்கும் காவலாளியின் பெருவிரல்.
புறக்கோட்டைச் சாப்பாட்டுக்கடையில்
கோப்பை கழுவுகிறவனின் நடுவிரல்.
அது வேறு சாதி, ஈஸ்ட்டு.
தட்டில் கிரீம் துளியாய் எழும்பி
விடியப்புறத்துப் பேக்கரிபோல மணக்கும்.
மூடியைத் திறந்ததும் எனக்குப் பாண் நினைவு வரும், பசிக்கும்.
வெட்கம்தான், என்ன செய்ய.

பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டு ஒரு சொட்டு.
நகம் இளக, நுணுக்குக்காட்டிக்குள்
கிளைவிட்டு ஓடுகின்றன கண்ணாடி நூல்கள்,
மருதானைத் தண்டவாளங்களை
மேம்பாலத்தில் நின்று பார்த்ததுபோல.

இந்தப் பங்கசு உயிருள்ளதைத் தின்னாது.
நகம், மயிர், தோலின் மேற்படை:
உடம்பு கைவிட்ட இடங்களே அதற்குப் போதும்.

மே மாதம் வாய்க்கால் நிரம்பி
பாமன்கடை ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர்.
மூன்று நாள் அதற்குள் நடந்தேன்.
அப்போதுதானா, தெரியாது.
ஆவணிக்குள் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து
ஓரத்தில் பழைய சவர்க்காரமாய் உதிர்ந்தது.
கியூடெக்ஸ் பூசினேன். கடும் மெரூன்.
கொட்டாஞ்சேனைக் கோயிலில்
சேலைக்கரையை இழுத்துவிட்டு நின்றேன்.
அன்று சாமியைப் பார்க்கவேயில்லை,
ஊரார் கால்களைப் பார்த்தேன்.
எவ்வளவு நல்ல நகங்கள்.

ஒரு வெள்ளி, எல்லோரும் போனபின்
மெரூனை அழித்தேன், வெட்டினேன், மடித்தேன்.
பெயர்: திருமதி கமலோஜினி. வயது ஐம்பத்தொன்று.
எனக்கு முப்பத்தெட்டு.
பொய்க்கும் கொஞ்சம் இடைவெளி வேண்டுமே.

மூன்று கிழமையில்
கமலோஜினிக்கு வெள்ளைப் பஞ்சு முளைத்தது.
சமிலா தட்டைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தாள்.
அடியில் பீட்ரூட் சிவப்பு.
"லஸ்ஸனய்," என்றாள். "ட்ரைக்கொபைட்டன் ரூப்ரம்.
பாவம், ஈரத்தில் நிற்கிற மனிசிபோல."
இருக்கும் என்றேன்.

நகமும் சதையும்போல என்கிறோம்.
என்னுடைய நகத்துக்கும் என்னுடைய சதைக்கும் நடுவில்
ஒன்று மாதக்கணக்காய்ச் சாப்பிட்டிருக்கிறது,
நோகாமல், ஒரு சத்தம் இல்லாமல்.
நான் அதற்கு நிறம் பூசிக் கூரை போட்டிருக்கிறேன்.

அறிக்கையில் கையெழுத்து நான்தான் வைத்தேன்.
எடுத்துப்போக ஒருவரும் வரவில்லை.
குளிசை எத்தனை மாதம்,
ஈரலுக்கு எப்போது இரத்தம் சோதிக்கவேண்டும்,
புதுநகம் நுனிவரை வர ஒரு வருடம்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
கமலோஜினிக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

இன்று மழை. சப்பாத்து நனைந்துவிட்டது.
கழற்றி யன்னலோரம் வைத்துவிட்டு
வெறுங்காலோடு மேசைக்கு வந்தேன்,
கியூடெக்ஸ் இல்லாமல்.

சமிலா குனிந்து பேனையை எடுத்தாள்.
எடுத்தவள் கொஞ்சம் தாமதித்துத்தான் நிமிர்ந்தாள்.
'கே' எழுத்துக் கோப்பைத் திறந்து
அந்தக் கடதாசியை என் முன்னால் வைத்தாள்.
பிறகு, ஒழுங்கென்றால் ஒழுங்குதானே,
பெற்றுக்கொண்டோர் புத்தகத்தையும் நீட்டினாள்.

பேனை என் கையில்.
எந்தப் பெயரை எழுத?